ஜனாதிபதி சாரணர் விருதை நோக்கி: மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சாரணர் இயக்கத்தின் மேல்நிலை விருதுகளைப் பற்றி அட்டனிலிருந்து லுணுகலை வரை பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விடயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியோரில் பலர் பாடசாலை மாணவர்கள் என்பதால் பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

எனது மகன் 8 ஆம் தரத்தில் படிக்கிறார். சென்ற ஆண்டு சாரணர் விருதைப் பெற்றார். ஜனாதிபதி சாரணர் விருது வரை போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இடையில் சாதாரண தரப் பரீட்சை வருகிறதே என்பது எங்கள் கவலை. எந்த வயதில் எதைச் செய்து முடிக்க வேண்டும்?
*ஒரு தந்தை, அட்டன்*

அங்கத்துவச் சின்னம், சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது, ஜனாதிபதி சாரணர் விருது என்பதே நமது நாட்டில் ஏறிச் செல்ல வேண்டிய வரிசை. இலங்கை 1972 இல் குடியரசாகும் வரை, உச்ச விருதைப் பெற்றவரை இராணி சாரணர் என்று அழைத்தார்கள். உங்கள் மகன் இந்த வரிசையில் முதல் இரண்டையும் முடித்துவிட்டார் என்பதால், அவருடைய வயதுக்கு அவர் பின்தங்கவில்லை.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஜனாதிபதி விருதுக்கான தேவைகள் யாவும் 18 வயது நிறைவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். விருதுகளுக்கிடையே குறிப்பிட்ட காலமும் கடந்திருக்க வேண்டும் என்பதால், கடைசி ஆண்டில் இரண்டு விருதுகளை விரைந்து முடித்துவிடலாம் என்று எண்ணுவது வீண் நம்பிக்கை. சாதாரண தரப் பரீட்சை ஏறத்தாழ 16 வயதில் வருகிறது. ஆகவே மாவட்ட ஆணையாளர் விருதை 9 ஆம் தரத்தில் முடித்து, பிரதம ஆணையாளர் விருதுக்குரிய கலைச்சின்னங்களில் (ஒவ்வொரு துறையிலும் பெறும் தேர்ச்சிக்கான சின்னங்கள்) பெரும்பகுதியை 10 ஆம் தரத்தில் பெற்றுவிடுவது நல்லது. 11 ஆம் தரத்தில் வாராந்தக் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் போனால் போதும். பரீட்சை முடிந்து உயர்தர வகுப்புகள் தொடங்கும் வரை கிடைக்கும் மாதங்களே ஒரு சாரணனுக்கு வாய்க்கும் மிகப் பெரிய ஓய்வுக்காலம். நீண்ட நடைப்பயணம், பாசறைப் பொறுப்பு, சமூக சேவைத் திட்டம் போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளை அந்த மாதங்களுக்கென ஒதுக்கிவிட்டால், உயர்தரத்தின் முதல் ஆண்டில் இறுதி விண்ணப்பத்தை நிதானமாகத் தயாரிக்க முடியும்.

பரீட்சை பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. எனினும் 11 ஆம் தரம் தொடங்கியவுடன் பிள்ளையைப் பாடசாலைச் சாரணர் குழுவான துருப்பிலிருந்து முற்றாக நிறுத்திவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஓராண்டு விலகியிருந்த பிள்ளை திரும்பி வரும்போது, துருப்புக்குள் அவர் இருந்த சிறு அணி வேறொருவருடைய பொறுப்பில் இருக்கும், பழகிய தோழர்கள் கலைந்திருப்பார்கள், பிள்ளைக்கும் ஆர்வம் குறைந்திருக்கும். மலையகத்தில் உச்ச விருதைப் பெறும் தகுதியுள்ள பலர் இயக்கத்தை விட்டு விலகுவது இந்த இடத்தில்தான். வாரத்துக்கு ஒரு மாலைப்பொழுதால் பரீட்சைப் பெறுபேறு கெட்டுப்போவதில்லை.

பாடத்திட்டம் காலத்துக்குக் காலம் திருத்தப்படுகிறது. அண்ணன் வைத்திருந்த பழைய கையேட்டை நம்பாமல், நடைமுறையிலுள்ள பிரதியைச் சாரண ஆசிரியரிடமிருந்தோ மாவட்டச் சாரணர் செயலகத்திலிருந்தோ பெற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேவையும் நிறைவேறிய அன்றே பதிவேட்டில் திகதியும் கையொப்பமும் இடப்பட்டிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கையொப்பம் தேடிச் செல்லும்போது, பரீட்சித்த ஆசிரியர் வேறு வலயத்துக்கு இடமாற்றம் பெற்றுப் போயிருக்கக்கூடும்.

நான் 15 வயதுச் சாரணன். மாவட்ட ஆணையாளர் விருதைப் பெற்றுவிட்டேன். எங்கள் துருப்பில் அதிக கலைச்சின்னங்கள் என்னிடமே இருக்கின்றன. ஆனால், “உன் அணிச் சிறுவர்களுக்கு இன்னும் ஒரு கூடாரத்தைத் தாமாக அமைக்கத் தெரியவில்லை, முதலில் அதைக் கவனி” என்று கூறி, அடுத்த விருதுக்கு என்னைப் பரிந்துரைக்க எங்கள் சாரண ஆசிரியர் மறுக்கிறார். இது நியாயமா?
*ஓர் அணித்தலைவர், தலவாக்கலை*

தம்பி, உங்கள் கேள்வியில் நடைமுறை ஒன்றும் அடிப்படை ஒன்றுமாக இரண்டு விடயங்கள் இருக்கின்றன. நடைமுறையைப் பொறுத்தவரை உங்களுக்கு ஓர் உரிமை உண்டு. எந்தத் தேவை இன்னும் நிறைவேறவில்லை, அதை எப்போதைக்குள் எவ்வாறு காட்டினால் அவர் ஏற்றுக்கொள்வார் என்பதைப் பணிவுடன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை ஓர் ஆசிரியர் முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போவது சரியல்ல.

அடிப்படையைப் பொறுத்தவரை உங்கள் ஆசிரியர் சொன்னதுதான் சரி. கீழ்நிலை விருதுகளில் முடிச்சுப் போடுதல், தீ மூட்டுதல், காயத்துக்குக் கட்டுப் போடுதல் என ஒரு சாரணன் தன் கையால் செய்யக்கூடியவற்றைப் பார்க்கிறார்கள். மேலே போகப் போக, அந்தத் திறமை அவனிடமிருந்து எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்கிறார்கள். பிரதம ஆணையாளர் விருதை நாடும் ஒருவனின் அணியில் ஆறு சிறுவர்கள் எதுவும் கற்காமல் நிற்பார்களானால், அவனுடைய சட்டைக் கையில் எத்தனை சின்னங்கள் தைக்கப்பட்டிருந்தாலும் அவனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இயக்கம் பிறந்ததே இந்த எண்ணத்தில்தான். 1907 இல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் நடத்திய பரீட்சார்த்தப் பாசறையில், வசதி படைத்தோரின் பாடசாலைகளில் படித்த சிறுவர்களையும் உழைக்கும் குடும்பத்துச் சிறுவர்களையும் கலந்து ஓநாய், காளை, காகம், உள்ளான் வகைப் பறவை ஆகியவற்றின் பெயர்களில் நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணியையும் அதிலிருந்த ஒரு மூத்த சிறுவனின் பொறுப்பில் விட்டார். பெரியவர்கள் ஒரு படி பின்னே நின்றார்கள். அணிமுறை என்று நாம் இன்று சொல்வது அங்கே தொடங்கியது. தோட்டத்து லயன்களிலிருந்து வரும் பிள்ளையும் நகரத்துக் கடை வீட்டுப் பிள்ளையும் ஒரே கழுத்துப்பட்டியோடு நிற்கும் நமது துருப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ஒருவர் பொருட்களுக்குப் பொறுப்பாகட்டும், ஒருவர் சமையலுக்கு, ஒருவர் முதலுதவிப் பெட்டிக்கு, ஒருவர் குறிப்பு எழுதுவதற்கு. அடுத்து வரும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு திறமையை மட்டும் கற்பியுங்கள். முதல் தடவை நீங்கள் செய்து காட்டுங்கள், இரண்டாம் தடவை சேர்ந்து செய்யுங்கள், மூன்றாம் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கயிறு தவறாக இழுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பது உங்களைப் போன்ற திறமைசாலிக்கு எளிதாக இராது. ஆனால் கூடாரம் சரிந்து விழுந்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்விக்குச் சொல்லும் பதில் அவர்கள் மனதில் நிற்கும்.

உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உங்கள் அணியிலேயே இருப்பதையும் கவனியுங்கள். லிந்துலைப் பக்கத்து மழையில் ஊறிய விறகைப் பிளந்து, உள்ளே காய்ந்திருக்கும் பகுதியைச் சீவியெடுத்து, உலர்ந்த தேயிலைக் குச்சியான மிலாறை அடியில் வைத்துத் தீ மூட்டுவது எப்படி என்று எந்தக் கையேட்டையும் படிக்காத தோட்டத்துச் சிறுவன் ஒருவனுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பாடத்தை அவனே நடத்தட்டும், நீங்களும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அணியில் யாருக்கு எது வரும் என்பதை அறிந்து அவரை முன்னே நிறுத்துவதைத்தான் மேல்நிலை விருதுகள் தலைமைத்துவம் என்று எதிர்பார்க்கின்றன.

ஒரு தவணை இவ்வாறு நடத்திய பின், ஆசிரியரின் அனுமதியுடனும் மேற்பார்வையுடனும் பாடசாலை மைதானத்தில் ஓர் இரவுப் பாசறையை உங்கள் அணி நடத்தட்டும். திட்டத்தை நீங்கள் எழுதுங்கள், வேலையை அவர்கள் செய்யட்டும். அந்தப் பாசறையின் பதிவோடு ஆசிரியரிடம் மீண்டும் செல்லுங்கள்.

எனது அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். சீருடை, பாசறைக் கட்டணம், பஸ் செலவு எல்லாவற்றையும் அவர்களிடம் கேட்க மனம் வரவில்லை. பணமில்லாதவர்களால் மேல்நிலை விருதுகளுக்குப் போக முடியுமா?
*ஒரு மாணவன், பொகவந்தலாவை*

முடியும், அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. விருதுத் தேவைகளில் செலவு கேட்பவை சிலவே. நடைப்பயணத்துக்கு நமது மலைகளைவிட நல்ல இடம் தேடிப் போக வேண்டியதில்லை, கயிறும் கம்பும் துருப்பின் பொதுச் சொத்தாக இருக்கலாம், முதலுதவிப் பயிற்சியை அருகிலுள்ள வைத்தியசாலையின் தாதியரிடமோ தோட்ட வைத்திய அதிகாரியிடமோ கேட்டுப் பெறலாம். பெருஞ்செலவு, மாவட்ட, தேசிய மட்டப் பாசறைகளுக்குப் போகும் பயணத்தில்தான் வருகிறது. அதற்காகவே ஆண்டுதோறும் சாரணர் வேலை வாரம் இருக்கிறது. அதில் கழுவியும் கூட்டியும் வண்ணம் பூசியும் ஈட்டும் பணத்தில் துருப்புக்குக் கிடைக்கும் பங்கை, பாசறைக்குப் போக வசதியற்ற பிள்ளைகளுக்கு முதலில் செலவிடுவதென்று துருப்பின் அணித்தலைவர்கள் கூடும் கௌரவ சபையில் தீர்மானம் எடுத்து எழுதி வைக்கலாம்.

சீருடையைப் பொறுத்தவரை, வளர்ந்துவிட்ட மூத்த சாரணர்கள் தமது உடைகளையும் இடைவாரையும் துருப்புக்கே விட்டுச் செல்லும் பழக்கத்தை ஒவ்வொரு பாடசாலையும் ஏற்படுத்த வேண்டும். சாரண ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால், வரும் சனிக்கிழமையே ஓர் அலுமாரித் தட்டை இதற்கென ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உதவி வேண்டிய பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் கையை நீட்டி நிற்கும் நிலை மட்டும் வரக்கூடாது.

உயர் விருதுக்கான நீண்ட நடைப்பயணத்துக்கு எங்கள் மூவரைத் தயார்செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மலைப்பாதையில் தூரத்தையும் நேரத்தையும் எப்படிக் கணிப்பது? எந்த மாதத்தில் போவது? அறிக்கையில் என்ன எழுத வேண்டும்?
*மூன்று சாரணர்கள், மஸ்கெலியா*

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 அளவுத்திட்ட வரைபடத்தில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் 1 கிலோமீற்றருக்குச் சமம். சமநிலத்தில் இது போதுமானது. மலையில் சமவுயரக் கோடுகளை எண்ணாமல் நேரத்தைக் கணிக்க முடியாது. கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்தானது, விலகியிருக்கும் இடம் சாய்வு குறைந்தது. நேஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892 இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்து, ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் மேலும் ஒரு மணித்தியாலம் கூட்ட வேண்டும். 15 கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் உள்ள பாதைக்கு நான்கு மணித்தியாலங்கள் என்று விடை வரும். ஆனால் இந்த விதி உடல் பழகிய பெரியவர்களுக்குரியது. முதுகில் பையோடு, இடையிடையே திசைகாட்டி பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டு நடக்கும் உங்களுக்கு ஆறு மணித்தியாலங்களுக்குக் குறைவாகத் திட்டமிட வேண்டாம். நமது நாட்டில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது, மலை மறைப்பில் இருட்டு அதற்கும் முந்தி வந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குத் தங்குமிடத்தை அடையும் வகையில் காலையில் புறப்படுங்கள்.

மாதத்தைத் தெரிவு செய்வதில் மலையகத்துக்குள்ளேயே இரண்டு கணக்குகள் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மஸ்கெலியா, அட்டன், கினிகத்தேனைப் பக்கச் சரிவுகளில் மழையைக் கொட்டும்போது, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஒப்பீட்டளவில் வறண்டிருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று பதுளை, பசறைப் பக்கத்தை நனைக்கும்போது உங்கள் பக்கம் தெளிந்திருக்கும். ஆகவே மஸ்கெலியாவிலிருந்து புறப்படும் நீங்கள் சனவரி இறுதியையோ பெப்ரவரியையோ தெரிவு செய்யுங்கள். அது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் ஆகையால் நல்லதண்ணி வீதியில் பஸ்களும் சனமும் நிறைந்திருக்கும். பாதையை அந்த நெரிசலிலிருந்து விலக்கி அமையுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமின்னல் அடிக்கடி வரும். அந்த மாதங்களில் மலைமுகட்டின் வழியாகச் செல்லும் பாதையையே தவிர்த்துவிடுவது நல்லது.

எந்தத் தோட்டத்தின் ஊடாகச் செல்கிறீர்களோ அதன் முகாமைத்துவத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுங்கள். வனப் பாதுகாப்புப் பகுதிக்கோ ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காவுக்கோ உரிய திணைக்களத்தின் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. பாதையின் பிரதி ஒன்று சாரண ஆசிரியரிடமும் இன்னொன்று ஒரு பெற்றோரிடமும் இருக்கட்டும். நடுவழியில் தொலைபேசி அலைவரிசை இல்லாமற் போகும் என்ற எண்ணத்தோடு, எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடப்பீர்கள், எத்தனை மணிக்குப் பிறகு உங்களைத் தேடத் தொடங்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

நமது மலைகளில் சிறுத்தையைவிடக் குளவிக்கு அஞ்ச வேண்டும். தேயிலை மலையிலும் மரத்தடியிலும் தொங்கும் கூட்டைக் கண்டால் கல்லெறியாமல், சத்தமிடாமல் விலகிச் செல்லுங்கள். கலைந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு உடனடியாக அந்த இடத்தைவிட்டு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. கையை வீசி விரட்ட முயல்வது மேலும் பலவற்றை அழைக்கும். கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறல், உதடு அல்லது முகம் வீங்குதல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால், முதலுதவிப் பெட்டியைத் துழாவிக்கொண்டிராமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். உயரம் 1000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைகிறது. நனைந்த உடையோடு காற்றில் நிற்கும் ஒருவர் நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கினால், பயணத்தை அங்கேயே நிறுத்தி, உலர்ந்த உடையை மாற்றி, சூடான இனிப்புப் பானம் கொடுத்து, காற்றுப் படாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். மாற்றுடை ஒன்று பொலித்தீன் பையில் கட்டுண்டு ஒவ்வொருவர் முதுகுப்பையிலும் இருக்கட்டும்.

அறிக்கையில் அழகிய வருணனைகளைத் தேடுவதில்லை. புறப்பட்ட நேரம், ஒவ்வொரு திருப்பத்திலும் திசைகோணம், பாதை வரைபடம், வானிலை, கண்ட நீர்நிலைகள், சந்தித்த மக்களின் தொழில், திட்டமிட்ட நேரத்துக்கும் எடுத்த நேரத்துக்குமான வேறுபாடு, அதற்கான காரணம் ஆகியவற்றை வழியிலேயே குறித்து, பின்னர் தெளிவாக எழுதுங்கள். பாதை தவறியிருந்தால் அதையும் எழுதுங்கள். எப்படி மீண்டீர்கள் என்பதே பரீட்சகர் வாசிக்க விரும்பும் பகுதி.

சமூக சேவைத் திட்டம் என்றவுடன் எல்லோரும் கோயில் வளவையோ பஸ் தரிப்பிடத்தையோ துப்புரவு செய்கிறார்கள். உச்ச விருதுக்கு இது போதுமா? எங்கள் ஊருக்கு உண்மையில் உதவும் ஒன்றைச் சொல்லுங்கள்.
*ஒரு சாரணர், அப்புத்தளை*

துப்புரவு செய்வது நல்ல வேலைதான், ஆனால் அது ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. உச்ச விருதை நாடுபவர் செய்யும் சேவை, அவர் விலகிய பின்னும் ஊரில் தொடரக்கூடியதாக இருந்தால் சிறப்பு. நீங்கள் அப்புத்தளையிலிருந்து எழுதுவதால், மழைமானித் திட்டமொன்றைச் சொல்கிறேன்.

2014 ஒக்டோபர் 29 அன்று உங்கள் பக்கத்திலேயே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியதை உங்கள் வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள். மண்சரிவுக்கு எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துடையது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 மில்லிமீற்றரை எட்டினால் அபாயப் பகுதியிலிருந்து வெளியேற வேண்டும் என்பது அது பின்பற்றிவரும் அளவுகோல். மலையில் ஒரு டிவிஷனில் கொட்டும் மழை அடுத்த டிவிஷனில் தூறலாக இருக்கும் என்பதால், நகரத்தில் அளந்த மழையைக் கொண்டு உங்கள் லயனின் நிலையை அறிய முடியாது.

அடி முதல் மேல் வரை ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல் கிடைக்கும். அடியில் சிறு கற்களை இட்டு, போத்தலின் பக்கம் நேராகத் தொடங்கும் மட்டம் வரை நீர் ஊற்றி, அதைப் பூச்சியமாகக் குறித்து, அங்கிருந்து மேலே மில்லிமீற்றர் அளவுத்தாளை ஒட்டுங்கள். கூரையும் மரமும் மறைக்காத வெளியிடத்தில், ஒரு கம்பத்தில் அசையாமல் பொருத்துங்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30 க்கு அளவைக் குறித்து, நீரை மீண்டும் பூச்சிய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த மழைக் கணக்கும் அதே நேரத்தில்தான் முடிகிறது என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடும் மழை நாட்களில் ஒரு நாளில் பலமுறை பார்க்க வேண்டியிருக்கும்.

திட்டத்தின் கடினமான பகுதி இதற்குப் பின்னர்தான் வருகிறது. கிராம உத்தியோகத்தரையும் தோட்ட முகாமைத்துவத்தையும் சந்தித்து, அளவு எல்லையைத் தாண்டும்போது யார் யாருக்குச் சொல்வது, இரவில் எவ்வழியாக எங்கே போவது, நடக்க முடியாத முதியோரை யார் தூக்குவது என்பவற்றை லயன் வாரியாக எழுதி முடிவு செய்ய வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றிப்போதல் ஆகிய அடையாளங்களைக் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வரும் தொழிலாளருக்கு விளக்கிச் சொல்லலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் ஒவ்வொரு வாசலிலும் எழுதப்பட்டிருக்கட்டும். வெளியேறும்படி அதிகாரிகள் அறிவித்தால் உங்கள் அளவீட்டைக் காத்திருக்காமல் வெளியேற வேண்டும் என்பதையும் மக்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள், உங்கள் போத்தல் அந்த அறிவித்தலுக்கு மாற்றாகாது. ஆபத்தான சரிவைப் பார்க்கவென்று மழைநாளில் சிறுவர்கள் எவரையும் அனுப்பக் கூடாது.

ஒரு முழுப் பருவத்தின் அளவீடுகளையும், அதைத் தொடர்ந்து செய்ய நீங்கள் பழக்கிய இளையவர்களின் பெயர்களையும் இணைத்தால், அது எந்தப் பரீட்சகரின் முன்னும் துணிந்து வைக்கக்கூடிய திட்டமாகும்.

எங்கள் தோட்டப் பாடசாலையில் சாரணர் துருப்பே இல்லை. புதிதாகத் தொடங்கினால் பிள்ளைகளை உச்ச விருது வரை கொண்டுசெல்ல ஓர் ஆசிரியரால் முடியுமா? தமிழில் பரீட்சிப்பவர்களைக் கண்டுபிடிப்பதும் சிரமம் என்கிறார்கள்.
*ஓர் ஆசிரியை, லுணுகலை*

இலங்கையில் சாரணியம் 1912 இல் தொடங்கியது கொழும்பில் அல்ல, மாத்தளையில். பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் அங்கே கிறிஸ்ட் சேர்ச் கல்லூரியில் முதல் துருப்பை அமைத்தார். மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் ஒருவர் தொடங்கியது நாடெங்கும் பரவியது என்பதால், லுணுகலையில் ஒருவர் தொடங்குவதை நான் சிறிய காரியமாகக் கருதவில்லை.

முதலில் அதிபரின் சம்மதத்துடன் மாவட்ட ஆணையாளருக்கு எழுதி, துருப்பைப் பதிவு செய்து, தலைவர்களுக்கான அடிப்படைப் பயிற்சியைப் பெறுங்கள். பயிற்சி பெறாத தலைவரிடம் பிள்ளைகள் தொடக்க நிலையைத் தாண்டுவது அரிது. சாரணர் தலைவர்களின் உயர் பயிற்சிக்கான தருசின்னம் 1919 முதல் உலகெங்கும் வழங்கப்பட்டு வருகிறது, சில ஆண்டுகளில் அதையும் நீங்கள் பெற முயலலாம். பரீட்சகர் விடயத்தில், கலைச்சின்னம் ஒவ்வொன்றுக்கும் அத்துறையில் தேர்ந்த ஒருவரே வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதி உத்தியோகத்தர், விவசாயப் போதனாசிரியர், மின் இணைப்பாளர் எனத் தமிழ் பேசும் தகுதியானவர்கள் பசறையிலும் பதுளையிலும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்து, பரீட்சகராக ஏற்கும்படி மாவட்டத்திடம் முன்வையுங்கள். அயற் பாடசாலைத் துருப்புகளோடு சேர்ந்து ஒரே நாளில் பல சின்னங்களுக்கான பரீட்சையை ஒழுங்கு செய்தால் அவர்களின் நேரமும் மிஞ்சும். தகைமையுள்ள பிள்ளைக்குத் தன் மொழியில் விடை சொல்லும் வாய்ப்பைக் கேட்டுப் பெறுவது சலுகை கேட்பதாகாது.

எனது மகளுக்கும் இவ்வாறான உயர் விருது உண்டா?
*ஒரு தாய், கண்டி*

உண்டு. பெண் சாரணியர் இயக்கம் இலங்கையில் 1917 இல் உங்கள் கண்டியிலேயே, மகளிர் உயர் பாடசாலையில் தொடங்கியது. அது தனிச் சங்கமாக இயங்குவதால் அதன் படிகளும் தேவைகளும் வேறாக இருக்கும். அங்கும் உச்சத்தில் ஜனாதிபதியின் பெயரால் வழங்கப்படும் விருது இருக்கிறது. மகளின் பாடசாலையில் பொறுப்பாக இருக்கும் ஆசிரியையிடம் படித்திட்டத்தைக் கேட்டுப் பெறுங்கள். அணியை நடத்துவது பற்றித் தலவாக்கலைத் தம்பிக்கு எழுதியது மகளுக்கும் அப்படியே பொருந்தும்.

பிரதம ஆணையாளர் விருது வரை வந்தேன். உயர்தரப் படிப்பால் தாமதமாகி, 18 வயது கடந்துவிட்டது. இனி எனக்கு இயக்கத்தில் இடமிருக்கிறதா?
*ஓர் இளைஞர், கொட்டகலை*

ஜனாதிபதி சாரணர் விருதுக்கான காலம் உங்களுக்கு முடிந்துவிட்டது. அது உங்களுக்கு எவ்வளவு வருத்தம் தரும் என்பதை உணர்கிறேன், அதைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். பெற்ற மூன்று விருதுகளும் உங்களுடையவையே. இருபதுகளின் நடுப்பகுதி வரையுள்ள இளைஞர்களுக்குத் திரி சாரணர் பிரிவு இருக்கிறது. அதற்கென்று தனிப் படித்திட்டமும் சேவைப் பொறுப்புகளும் உண்டு. உங்கள் பழைய பாடசாலையில் குழு இல்லையென்றால், பாடசாலை சாராத திறந்த குழுக்கள் அருகிலுள்ள நகரங்களில் இருக்கின்றனவா என்று மாவட்டச் செயலகத்தில் விசாரியுங்கள்.

அத்துடன் ஒன்று கேட்கிறேன். இந்த இதழில் எழுதியிருக்கும் தலவாக்கலை மாணவனைப் போல், உங்கள் பழைய துருப்பிலும் 15 வயதில் வழி தெரியாமல் நிற்கும் அணித்தலைவர்கள் இருப்பார்கள். வரைபடம் பார்க்கவும் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கவும் காலத்தைக் கணக்கிடவும் அவர்களுக்குச் சொல்லித்தர உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு சென்று, உதவிக்கு வரலாமா என்று சாரண ஆசிரியரிடம் கேளுங்கள்.